பட்டத்துக்குப் பின் இயற்பியலை மீண்டும் கற்போம்

மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? இயற்பியலில் பட்டம் பெற்றவர்களிலும் சிலர் 'சுழி' என்பர். சுழியாவது திசைவேகம்தான். முடுக்கம் அங்கும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². அதுவும் சுழியானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும்!

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹெஸ்டனஸ் குழுவினர் 1992இல் விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் வினாத்தாளை வெளியிட்டனர். அதில் கணக்கீடு தேவையில்லை, கருத்து மட்டுமே. ஹார்வர்டில் எரிக் மசூர் இத்தகைய வினாக்களைக் கேட்டபோது, கடினக் கணக்குகளைச் செய்த மாணவர்களே எளிய கருத்தில் தடுமாறினர். அதன்பின் மாணவர்கள் தமக்குள் விவாதித்து விடை காணும் முறையை அவர் வகுத்தார்.

கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகவே படித்துத் தேறிய ஆசிரியரும் அடித்தளத்தை மீண்டும் கட்டலாம். நான் பின்பற்றும் வழி இது.

முதலில், எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்', ஒன்பதாம் வகுப்பின் 'இயக்கம்', பத்தாம் வகுப்பின் 'இயக்க விதிகள்' ஆகிய பாடங்களை வரிசையாகப் படிக்கிறேன். பிறகே மேல்நிலைப் பாடநூல். ஒவ்வொரு சமன்பாட்டையும் குறியீடு இல்லாமல் சொந்த வாக்கியத்தில் எழுதுகிறேன்.

அடுத்து, ராயக்கோட்டையில் நாள்தோறும் காணும் தக்காளி வண்டியையே கணக்காக்குகிறேன். மணிக்கு 36 கி.மீ., அதாவது 10 மீ/வி வேகத்தில் செல்லும் வண்டி 5 வினாடியில் சீராக நிற்கிறது. எதிர் முடுக்கம் 2 மீ/வி². வண்டியில் 25 கி.கி. பெட்டி நழுவாமல் இருக்கிறது. அதன்மீதுள்ள விசைகள் எவை?

கீழ்நோக்கி எடை 245 நியூட்டன். மேல்நோக்கித் தளத்தின் செங்குத்து விசை 245 நியூட்டன். பின்னோக்கி உராய்வு 50 நியூட்டன். பெட்டியை முன்னே தள்ளும் விசை எதுவுமில்லை. உராய்வு போதாவிட்டால், பெட்டி தன் இயக்கத்தைத் தொடர முனைவதால் தளத்தின்மேல் முன்னே நழுவும்.

எடையும் செங்குத்து விசையும் சமமாக இருப்பதால் அவை மூன்றாம் விதியின் இணை என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் ஒரே பெட்டியின்மீது செயல்படுகின்றன. எடைக்கு இணை, பெட்டி பூமியை இழுக்கும் விசை.

இந்தப் படத்தை விடையின்றிக் கரும்பலகையில் வரைந்து, முதலில் மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். இருவர் இருவராக விவாதிக்க விடுங்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நம் எல்லைப் பகுதியில் பலர். அவர்களால் வரையறையை ஒப்பிக்க முடியும்; பொருள் பிடிபட இந்தப் பேச்சு வேண்டும்.

'ஏன் சார்?' என்ற கேள்விக்குச் சூத்திரத்தையே விடையாகத் தந்தால், அடுத்த முறை அந்தக் கை உயராது. நாம் மீண்டும் படிப்பது அந்தக் கைக்காகத்தான்.