பயணச் செலவு யாருடையது?

அன்புள்ள கயல்,

உன் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, அறைத் தோழிகளோடு நீ போட்ட சண்டை. மேற்கு நாடுகள் நடத்தும் போர் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி இருக்கிறது என்று நீ சொன்னாயாம். ஆதாரம் கேட்டுச் சிரித்தார்களாம். இன்னொன்று, வேலையில் சேர்ந்த கையோடு வந்திருக்கும் அழைப்பு. ஒரு கம்பெனி தன் செலவில் நிருபர்களைக் கூட்டிப்போய்த் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறது, ஆசிரியர் உன்னைப் போகச் சொல்கிறார், போகலாமா மாமா என்று கேட்டிருக்கிறாய். நீ முன்னதை உலக அரசியலாகவும் பின்னதை அலுவலகத் தொல்லையாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

உன் சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதே வியாபாரம் செய்ய வந்த ஒரு கம்பெனியின் படைதான். அதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்த நமக்கு இப்படிச் சந்தேகப்படுவது சுலபம். அந்தச் சுலபம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. 'எல்லாப் போரும்' என்று தொடங்கினால் ஒரு போரைக்கூட நீ முழுதாகப் படிக்கத் தேவையில்லாமல் போய்விடும். ஒரே ஒரு வழக்கை எடு, அடிவரைக்கும் போ. நான் உனக்குச் சொல்வது குவாத்தமாலா, 1954.

அந்த நாட்டில் யுனைட்டெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிக்குச் சுமார் ஐந்தரை லட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. அதில் பெரும்பகுதி பயிரே ஏறாத தரிசு. ரயில் பாதை அதன் பிடியில், அட்லாண்டிக் கரையில் இருந்த முக்கியத் துறைமுகமான புவேர்ட்டோ பாரியோஸ் அதன் பிடியில். 1944 வரை ஆண்ட சர்வாதிகாரி உபிகோ கேட்டதையெல்லாம் கொடுத்தார். அவர் விழுந்தபின் தேர்தல் வந்தது. அரேவாலோ வந்தார், அவருக்குப் பின் 1951இல் ஹாகோபோ ஆர்பென்ஸ் வந்தார். 1952 ஜூனில் ஆர்பென்ஸ் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும் பண்ணைகளின் பயிரிடாத நிலத்தை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுத்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. ஆர்பென்ஸின் சொந்த நிலமும் போயிற்று.

அந்தச் சட்டம் நிலத்தைச் சும்மா பிடுங்கவில்லை, இழப்பீடு உண்டு. 25 ஆண்டுப் பத்திரங்கள், 3 சதவீத வட்டி. நிலத்தின் மதிப்பு எவ்வளவு? உடைமையாளர் வரி கட்டுவதற்காகத் தானே சொல்லிவைத்த மதிப்பு. வரியை மிச்சம் பிடிக்கக் கம்பெனி பல காலமாகக் குறைத்தே சொல்லி வந்திருந்தது. அந்தக் கணக்குப்படி முதலில் எடுத்த நிலத்துக்குச் சுமார் 6,27,000 டாலர் தருவதாக அரசு சொன்னது. ஒரு கோடியே ஐம்பத்தெட்டு லட்சம் டாலருக்கு மேல் வேண்டும் என்று 1954 ஏப்ரலில் ஒரு கோரிக்கைக் கடிதம் வந்தது. அதை அனுப்பியது கம்பெனி அல்ல, அமெரிக்க வெளியுறவுத் துறை. உன் தோழிகள் ஆதாரம் கேட்டால் வாட்ஸப்பில் வந்ததைக் காட்டாதே, இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கு வழக்கு ஒரு வல்லரசின் வாயால் பேசப்பட்ட இடம் அது.

அந்தத் துறையின் தலைவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். அவர் முன்பு பங்குதாரராக இருந்த வழக்கறிஞர் நிறுவனம் யுனைட்டெட் ஃப்ரூட்டுக்கு வேலை செய்த நிறுவனம். அவருடைய தம்பி ஆலன் டல்லஸ், அதே நிறுவனத்தில் இருந்தவர், அப்போது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் இயக்குநர். கம்பெனியின் விளம்பரப் பிரிவுத் தலைவருடைய மனைவி அதிபர் ஐசன்ஹோவரின் அந்தரங்கச் செயலாளர். (சினிமாவில் இப்படிக் கதை வைத்தால் ரொம்ப ஓவர் என்று நாமே சொல்லியிருப்போம்.) சி.ஐ.ஏ. காஸ்டில்லோ அர்மாஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரியைப் பிடித்து, சில நூறு பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. ஜூன் 18 அன்று அவர்கள் எல்லை தாண்டினார்கள். படையாக அவர்கள் சாதித்தது சொற்பம். உள்நாட்டுக் காட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து ஒலிபரப்பிய ரகசிய வானொலி ஒன்று, தலைநகரத்தின் மேல் பறந்த சில விமானங்கள், இவை போதுமாக இருந்தன. இந்தச் சிறு கூட்டத்தைத் தோற்கடித்தால் அடுத்து அமெரிக்க ராணுவமே வந்து இறங்கும் என்று குவாத்தமாலாவின் ராணுவ அதிகாரிகள் பயந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி விலகினார்.

இவ்வளவும் உனக்கு இனிப்பாக இருந்திருக்கும். இனி வருவது அவ்வளவு இனிக்காது. அவர் விலகிய ஐந்தாம் நாள், ஜூலை 2 அன்று, அமெரிக்க நீதித் துறை இதே யுனைட்டெட் ஃப்ரூட் மேல் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. தன் தொழிலில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்க 1958இல் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கம்பெனி சொன்னபடி அரசு ஆடியது என்பதுதான் முழுக் கதை என்றால் இந்த வழக்கை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? பியேரோ க்ளேஹெசஸ் என்ற வரலாற்றாசிரியர், ஆர்பென்ஸின் மனைவியிடமும் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் ஃபோர்ட்டூனியிடமும் நீண்ட பேட்டிகள் எடுத்தவர், வேறு மாதிரி சொல்கிறார். ஆர்பென்ஸுக்குக் கம்யூனிஸ்டுகள் மேல் உண்மையிலேயே ஈடுபாடு இருந்தது, நிலச் சட்டத்தை எழுதுவதில் அவர்களுக்குக் கை உண்டு, வாஷிங்டனை ஆட்டியது வாழைப்பழத்தைவிடக் கம்யூனிசப் பயம்தான் என்கிறார். ஆனால் ஆட்சி கவிழ்ந்தபின் மாஸ்கோவின் கை இருந்ததைக் காட்டச் சி.ஐ.ஏ. ஆட்கள் ஆர்பென்ஸ் அரசின் காகிதங்களை மூட்டை மூட்டையாகத் துழாவினார்கள். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆக, பயம் மெய், பயப்பட்ட பொருள் பெரும்பாலும் பொய்.

அப்படியானால் கம்பெனி என்ன செய்தது? என் கணிப்பு இது: வாஷிங்டனில் அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது, கம்பெனி அதற்குக் குவாத்தமாலாவின் முகவரியைக் கொடுத்தது. நேரே உத்தரவு போட்டதைவிட இது எனக்கு மோசமாகத் தெரிகிறது. உத்தரவு என்றால் பிடித்துவிடலாம்.

முகவரி கொடுத்த ஆளின் பெயர் எட்வர்ட் பெர்னேஸ். சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமகன் முறை, அமெரிக்க மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடி. 1952 தொடக்கத்திலிருந்து அவர் பத்திரிகை அதிபர்களையும் ஆசிரியர்களையும் மத்திய அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். செலவு முழுக்கக் கம்பெனியுடையது. போனவர்கள் எதையும் இட்டுக்கட்டியிருக்க வேண்டியதில்லை. காட்டியதைப் பார்த்தார்கள், பேச ஏற்பாடு செய்திருந்தவர்களிடம் பேசினார்கள், ஊர் திரும்பி எழுதினார்கள். இரண்டரை ஆண்டு இப்படி எழுதியபின் 1954 ஜூனில் அமெரிக்க வாசகனுக்கு அந்தப் படையெடுப்பு ஒரு விடுதலையாகவே தெரிந்தது.

இன்னொரு ஆளையும் நினைவில் வை: சிட்னி க்ரூசன், நியூயார்க் டைம்ஸ் நிருபர். படையெடுப்புக்குச் சற்று முன் அவரைக் குவாத்தமாலாவுக்குள் விடாமல் மெக்சிகோவிலேயே நிறுத்தி வைத்தது அவருடைய பத்திரிகையே. ஆலன் டல்லஸ் கேட்டுக்கொண்டார், பத்திரிகை அதிபர் இணங்கினார். இங்கே நின்றுவிட்டால் நல்ல கதை. ஆனால் அதே க்ரூசனை அதே ஆண்டு பிப்ரவரியில் நாட்டைவிட்டு வெளியேற்றியது ஆர்பென்ஸ் அரசு! இரண்டு பக்கத்துக்கும் வேண்டாத ஆளாக இருந்திருக்கிறார் மனுஷன். வாஷிங்டனை நம்பாதவர்கள் மாஸ்கோவை நம்பத் தொடங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1956இல் புடாபெஸ்ட் தெருக்களில் டாங்கி விட்ட சோவியத் ஆட்சியாளர்களுக்கும் வக்காலத்து வாங்கியவர்கள் நம் ஊரிலேயே உண்டு. அந்தப் பழக்கம் உனக்கு வேண்டாம்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்தால் தாங்காது. ஆட்சிக்கு வந்த அர்மாஸ் நிலச் சட்டத்தை ரத்து செய்தார். 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா பழங்குடியினர் என்று 1999இல் உண்மை ஆணையம் சொன்னது. அந்த ஆண்டு குவாத்தமாலாவுக்குப் போன அமெரிக்க அதிபர் கிளின்டன், அந்நாட்டு ராணுவத்துக்கு அமெரிக்கா துணை நின்றது தவறு என்றார். ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் செல்வாக்கைப் பற்றி ஐசன்ஹோவர் 1961இல் விடைபெறும்போது எச்சரித்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். குவாத்தமாலா நடவடிக்கைக்கு ஒப்புதல் தந்தவரும் அவரே என்பதை அவர்களில் பலர் சேர்த்துச் சொல்வதில்லை. பழக் கம்பெனி பெயர் மாறி இப்போது சிக்கீட்டா. கொலம்பியாவின் துணை ராணுவக் கும்பலுக்குப் பணம் கொடுத்ததை 2007இல் அது நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இனி உன் பயணம். போய் வா என்றுதான் சொல்வேன். போகாமலிருப்பதால் நீ சுத்தமாகிவிடப் போவதில்லை. தொழிற்சாலையின் உள்ளே நுழையும் வாய்ப்பு மட்டும் போகும். ஆனால் புறப்படுமுன் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையையும், அதன் மேல் நடக்கும் வழக்குகளின் காகிதங்களையும் படித்துவிடு. அவர்கள் வண்டியில் திரும்பாதே. ஒருநாள் தங்கி, வாசலுக்கு வெளியே டீக்கடையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் பேசிவிட்டு பஸ் பிடி. அந்த டிக்கெட்டுக்கு நான் பணம் தருகிறேன், அக்காவிடம் சொல்ல வேண்டாம். கம்பெனிக்கு நல்ல பெயர் தரும் விஷயம் கண்ணில் பட்டால் அதையும் எழுது. கட்டுரையின் அடியில், பயணச் செலவைக் கம்பெனி ஏற்றது என்று ஒரு வரி போடச் சொல்லி ஆசிரியரிடம் கேள். போட மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா