கோடாலியைத் தொடாதே

திருவண்ணாமலை,
மார்கழி மாதம்.

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் வந்தது. கொடைக்கானல் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பிளம்ஸ் மரம் போன தை, மாசியில் வெள்ளை வெளேரென்று பூத்ததாம், வைகாசியில் பத்துப் பழம்கூடத் தேறவில்லையாம், தேறியதும் புளிப்பாம், வீட்டுக்காரர் வெட்டிவிடலாம் என்கிறாராம். தீபத்துக்கு வந்தவள் இதைச் சொல்லியிருந்தால் நேரிலேயே கத்தியிருப்பேன். கோடாலியைத் தொடாதே. உரமும் கொட்டாதே. அப்படிப் பூக்கிற மரத்துக்குப் பசி இல்லை கண்ணு, துணைதான் இல்லை.

அந்த மலையில் நான் தோட்டவேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது இது. நம் மலைகளில் விளைகிற பிளம்ஸ் பெரும்பாலும் ஜப்பான் வகை. தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய் பிடிக்காது. கூடவே பூக்கிற வேறு வகை மரம் பக்கத்தில் வேண்டும். அதே வகையில் இன்னொன்று நட்டால் பயனில்லை. ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே மரத்தின் துண்டுகள்தானே. ரூபியோ, ஹேல், கவியோட்டா என்று பல வகை உண்டு. உன்னுடையது எது என்று தெரிந்தவரிடம் காட்டு.

வாடகை வீட்டில் புதுக்கன்று நட யோசனையாக இருந்தால் இந்த வருஷத்துக்கு ஒரு வழி. மரம் பூக்கும்போது வேறு வகை மரத்திலிருந்து பூத்த கிளை நாலைந்து கேட்டு வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டு உன் மரத்தில் கட்டிவிடு. மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும். மழையும் மூடுபனியுமாக இருந்தால் தேனீ வெளியே வராது; அதற்கு நீயும் நானும் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருஷம் அந்த வகையிலேயே ஒரு கிளையை ஒட்டுக்கட்டிக்கொள்.

இலை கொட்டி நிற்கும் இப்போதே கவாத்து செய். காய்ந்ததையும் உள்ளே பின்னிக்கிடப்பதையும் எடு. கிளையை ஒட்டிக் கட்டைகட்டையாக, விரல் நீளம்கூட இல்லாத முண்டுகள் இருக்கும். பழம் பெரும்பாலும் பிடிப்பது அதில்தான். நான் முதல் வருஷம் அசிங்கமாக இருக்கிறதென்று அத்தனையையும் சீவித் தள்ளினேன். அந்தக் கோடையில் தோட்டத்தில் என் பக்கம் யாரும் பேசவில்லை.

இங்கே ஒரு கன்று கொண்டுவரட்டுமா என்றாயே, வேண்டாம். நானே கொண்டுவந்து வைத்தவன்தான். மூன்று கோடை இலையோடு நின்றது, ஒரு பூ இல்லை, பிறகு காய்ந்தது. குளிரில் பல வாரம் உறங்கி எழுந்தால்தான் அதற்கு மொட்டு விரியும். அக்னித் தலத்தில் எங்கே உறங்குவது?

புளிப்பைக் குறை சொல்லாதே. ஆங்கிலேயர் ஜாமுக்கென்றே டாம்சன் என்று ஒரு புளிப்பு வகையை வளர்க்கிறார்கள். ஜாமுக்குப் பழுத்ததோடு கொஞ்சம் செங்காயும் சேர். அதில்தான் இறுகும் சத்து அதிகம். ஈயம் பூசாத பித்தளையில் காய்ச்சாதே. கொட்டையை உடைத்துப் பருப்பைப் போடாதே, அதில் விஷம் உண்டு. எனக்கென்றால் வெல்லம், மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயம் போட்ட தொக்குதான்.

பழம் வந்தால் பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்து வா. ஆயா களாக்காய் ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து கழுவி வைப்பதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
தாத்தா