அலிப்பூர் ஏரியில் ஒரு கடற்காக்கை

அலிப்பூர் மிருகக்காட்சிசாலை என்றதும் புலியும் யானையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கூண்டில் அடைபடாத விருந்தினரும் உண்டு. 1876-இல் திறக்கப்பெற்ற அத்தோட்டத்தின் ஏரிக்குக் குளிர்காலத்தில் தாமாக வந்து தங்கும் நீர்ப்பறவைகளே அவை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்த அக்கூட்டம் இன்று மெலிந்துவிட்டது. ஆகவே எஞ்சியவற்றை எண்ணிக் குறித்துவைப்பது நம் போன்ற மாணவர்க்கு ஏற்ற பணி.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் நண்பர் இருவரும் அங்கே சென்றோம். சீழ்க்கைச் சிறகிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வெண்ணிறப் பறவை ஒன்று தாழப் பறந்து வந்து நீரில் அமர்ந்தது. கடற்காக்கை! மரங்கள் சூழ்ந்த அச்சிறு ஏரியில் அதனை நான் அதற்கு முன் கண்டதில்லை. மகிழ்ச்சி மிகுதியால், "பழுப்புத்தலைக் கடற்காக்கை" என்று குறிப்பேட்டில் உடனே எழுதிவிட்டேன்.

"தலையில் பழுப்பு எங்கே?" என்று நண்பர் நகைத்தார்.

கேள்வி எளிது, ஆனால் அதற்கு விடை கூற ஒரு பாடமே வேண்டும். பழுப்புத்தலை, கருந்தலை என இருவகைக் கடற்காக்கைகள் நம் நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பெயரில் உள்ள நிறம் முகமூடிபோல் தலையை மூடுவது இனப்பெருக்கக் காலத்தில்தான். குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெளுத்து, காதருகே ஒரு கரும்புள்ளியே எஞ்சும்.

பின் எவ்வாறு பிரித்தறிவது? பழுப்புத்தலை சற்றுப் பெரியது. வளர்ந்த பறவையின் விழி வெளிறியிருக்கும். கருந்தலையின் விழி கருமையானது. ஆயினும் பழுப்புத்தலையின் இளம்பறவைக்கும் விழி கருமையே. ஆதலால் விழியை மட்டும் நம்பலாகாது. சிறகே உறுதியான சான்று. வளர்ந்த பழுப்புத்தலையின் சிறகு நுனி அகன்ற கருமையாய், அதனுள் வெண்புள்ளிகளோடு விளங்கும். கருந்தலைக்கோ சிறகின் முன்விளிம்பு நெடுக ஒரு வெண்பட்டை ஓடும்.

பழுப்புத்தலையின் வரலாற்றில் நமக்கும் ஓர் உறவு உண்டு. திபெத்து முதலிய உயர்ந்த பீடபூமிகளின் ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் கோடியக்கரை போன்ற கடற்கரைகளுக்கு இறங்கிவரும் இப்பறவைக்கு 1840-இல் அறிவியற்பெயர் இட்டவர் ஜெர்டன் என்னும் மருத்துவர். சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் அதனை அவர் வெளியிட்டார். பின்னர் அவருடைய 'இந்தியப் பறவைகள்' என்னும் நூல் 1862 முதல் 1864 வரை கல்கத்தாவில் அச்சாகி வெளிவந்தது. அங்கே தொடங்கிய பணி இங்கே நிறைவெய்தியது எனலாம்.

எங்கள் பறவையோ கண்ணை மூடி நீரில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு மணிநேரம் காத்திருந்தோம். திடீரெனப் பருந்து ஒன்று தாழ்ந்தது. கடற்காக்கை சிறகை விரித்து எழுந்தது. முன்விளிம்பில் தெளிவான வெண்பட்டை! அது கருந்தலை.

எழுதியதைக் கோடிட்டு அடித்து, கண்டதை எழுதினேன். நாணமாகத்தான் இருந்தது. ஆனால் பறவைகள் குறைகின்றனவா, பெருகுகின்றனவா என்பதை நாளை ஒருவர் இத்தகைய குறிப்புகளைக் கொண்டே கணக்கிடுவார். நம் ஆசையை அதில் எழுதிவைத்தால் அவர் கணக்கு பிழைபடும். அடித்த கோடு அப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.