ஒரு சொல்லின் வீழ்ச்சி

மக்கள் வாழ்வில் உயர்வும் தாழ்வும் நேர்தல் போலச் சொற்களின் வாழ்விலும் நேரும். 'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்தது. இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. இதனை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'டஞ்சன்' என்னும் சொல்லும் இவ்வாறு தாழ்ந்ததேயாம்.

டஞ்சன் என்பது இன்று நிலத்தடியில் அமைந்த இருட்சிறையைக் குறிக்கும். ஆயினும் அதன் பிறப்பு உயர்ந்தது. இலத்தீன் மொழியில் 'டொமினஸ்' என்றால் தலைவன். அதன் வழியே பழைய பிரெஞ்சு மொழியில் 'தோன்ஜோன்' என்னும் சொல் தோன்றிற்று. கோட்டையின் நடுவே தலைவன் வாழ்ந்த பெருங்கோபுரம் என்பதே அதன் பொருள்.

1066ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அவனோடு பிரெஞ்சு மொழியும் கற்கோபுரங்களும் அந்நாட்டிற் புகுந்தன. இலண்டனில் அவன் எடுக்கத் தொடங்கிய வெண்கோபுரம் ஏறத்தாழ 90 அடி உயரமுடையது. அதன் அடிச்சுவர் 15 அடி வரை தடிப்புடையது. வாயிலோ தரைமட்டத்தில் இல்லை, மேல்நிலையில் உள்ளது. மரப்படியை அகற்றிவிட்டால் பகைவர் உட்புகுதல் அரிது.

பகைவர் உட்புக இயலாத இடம், அடைபட்டோர் வெளியேற இயலாத இடமும் ஆகும் அன்றோ? ஆதலின் தலைவன் கோபுரமே சிறையுமாயிற்று. 1100ஆம் ஆண்டில் ரானல்ப் பிளாம்பார்டு என்னும் கிறித்தவ ஆயர் வெண்கோபுரத்திற் சிறைவைக்கப்பெற்றார். மறு ஆண்டில், மதுக்குடத்துள் மறைத்து அனுப்பப்பெற்ற கயிற்றைப் பற்றிச் சாளரத்தின் வழியே இறங்கி அவர் தப்பினார் என்பர்.

காலப்போக்கில் தலைவர்கள் வசதிமிக்க மாளிகைகளை நாடிச் சென்றனர். கோபுரங்கள் பலவற்றில் கைதிகளே எஞ்சினர். 14ஆம் நூற்றாண்டளவில் டஞ்சன் என்னும் சொல் சிறையையும் குறிக்கலாயிற்று. பின்னர்க் கோபுரத்திற்குக் 'கீப்' என்னும் வேறு பெயர் வழங்கவே, சிறைப்பொருள் ஒன்றே அதற்கு நிலைத்தது.

பிரெஞ்சு மொழியில் தோன்ஜோன் இன்றும் கோபுரத்தையே குறிக்கும். ஆயினும் அங்கே சொல் தாழாவிடினும் கட்டடம் தாழ்ந்தது. பாரிசுக்கு அருகே வின்சேன் கோட்டையில் ஐந்தாம் சார்லசு மன்னன் வாழ்ந்த கோபுரத்தில், 1749ஆம் ஆண்டில் திதரோ என்னும் அறிஞர் தம் எழுத்தின் பொருட்டு அடைக்கப்பெற்றார்.

தலைவன் பெயரால் பிறந்த சொல், கைதியின் துயரைக் குறித்து நிற்கின்றது. பிறப்பின் உயர்வு ஒரு சொல்லைக் காப்பதில்லை. அது குறிக்கும் பொருள் எவ்வாறு பயன்படுகின்றதோ, அவ்வாறே அச்சொல்லும் ஆகும். மக்கள் அக்கோபுரத்தில் வாழ்ந்த தலைவனை மறந்தனர், அடைபட்டோரை மறந்திலர்.