முதிய நாய்க்கும் ஒரு வீடு வேண்டும்

தோட்டத்தை விட்டுக் குடிபெயரும் நாளில் கட்டில், அலமாரி, அம்மிக்கல், சாமிப்படம் ஆகிய அனைத்தும் லாரியில் ஏறிவிடுகின்றன. லயத்து வாசலில் பத்தாண்டுகளாகப் படுத்திருந்த நாய் மட்டும் ஏறுவதில்லை. லாரி புறப்பட்டதும் அது சிறிது தூரம் ஓடிவருகிறது. பின்னர் களைத்து நின்றுவிடுகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் பூட்டிய கதவின் முன்னே காத்துக் கிடக்கிறது.

இரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோர் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றுள்ளனர். அத்தகைய வீடுகளில் நாய் வளர்க்க ஊராட்சி மன்றங்கள் பொதுவாக உரிமம் வழங்குவதில்லை. ஆதலால், நாயை உடன் கொண்டு செல்ல இயலாமற்போவது நம் குற்றமன்று. அதற்கு ஒரு வழி செய்யாமற் செல்வதே குற்றமாகும்.

விலங்கு நலச் சட்டம் 2015ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017 ஜூலை 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உணவு, இருப்பிடம், நோய்க்குச் சிகிச்சை ஆகியவற்றை வளர்ப்பு விலங்குக்கு அளிப்பது உரிமையாளரின் கடமை என அது வகுத்துள்ளது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குட்டியைக் கேட்டு வருவோர் பலர். முதிய நாயை ஏற்போர் சிலரே. அந்தச் சிலரைக் கண்டறியும் வழிகளை இங்குக் காண்போம்.

முதலாவது, காலத்தே தொடங்குதல் வேண்டும். குடிபெயரும் நாள் தெரிந்தவுடனேயே தேடத் தொடங்குக. கடைசி வாரத்தில் தேடுவோர், கேட்டவர் எவராயினும் கொடுத்துவிட நேரும்.

இரண்டாவது, நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. 2015ஆம் ஆண்டில் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டு முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டதை மறத்தலாகாது. தடுப்பூசி போட்டு, அதற்குரிய அட்டையைப் பத்திரப்படுத்துக. உண்ணியை ஒழித்து, குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, உண்மையை மறைக்காதீர். வயது, நோய், காது மந்தம், இடி முழக்கத்திற்கு அஞ்சும் இயல்பு ஆகிய அனைத்தையும் எடுத்துரைக்க வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய் ஒரு மாதத்தில் தெருவுக்கு வந்துவிடும். குறைகளைக் கூறும்போது நிறைகளையும் கூறுக. முதிய நாய் செருப்பைக் கடிக்காது. பகலில் பெரும்பொழுது உறங்கும். வீட்டின் ஒழுங்கை அறிந்திருக்கும். பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனித்து வாழும் தம்பதியருக்கு அது ஏற்ற துணை.

நான்காவது, வீட்டை நேரிற் சென்று காண்க. வேலியும் நிழலும் உள்ளனவா, படிக்கட்டு மிகுதியா, வீட்டிலுள்ள அனைவருக்கும் சம்மதமா என்று பாருங்கள். அண்டை அயலாரின் சமய உணர்வுக்கு இடையூறு நேராத இடமாகவும் அது இருத்தல் நலம். ஊராட்சி மன்ற உரிமம் பெறுமாறு புதியவரிடம் நினைவூட்டுக.

ஐந்தாவது, சிறிது சிறிதாகப் பழக்குக. ஒப்படைக்கும் முன் இரண்டு மூன்று முறை அங்கு அழைத்துச் செல்லுங்கள். அது படுத்திருந்த சாக்கையும் உண்ட தட்டையும் உடன் கொடுங்கள். பழகிய வாசனை அதன் அச்சத்தைத் தணிக்கும். பெயரை மாற்ற வேண்டா.

ஏற்றுக்கொள்வோர் அறிய வேண்டியனவும் உள. முதல் சில நாட்கள் நாய் உண்ணாமல் ஒதுங்கியிருக்கலாம். முழுதாகப் பழகச் சில மாதங்கள் ஆகலாம். பல் தேய்ந்ததாயின் மென்மையான உணவை இருவேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கண்ணில் நீலம் கலந்த வெண்மை படர்ந்தாலே பார்வை போயிற்று எனக் கருதற்க. அது முதுமையின் இயல்பாகவும் இருக்கலாம். மூட்டு வலிக்கு மனிதர் உண்ணும் மாத்திரையைக் கொடுக்கலாகாது. அது நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

எவரும் கிடைக்கவில்லையெனில், தோட்டத்திலேயே தங்கும் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்து, மாதந்தோறும் உணவுச் செலவைக் கொடுத்துவரலாம். மிருகவதைத் தடுப்புச் சங்கங்களையும் அணுகலாம். சிலாங்கூர்ச் சங்கம் 1958ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அங்கு இடம் உண்டா என முன்னரே கேட்டறிக. சொல்லாமல் வாயிலில் கட்டிவிட்டு வருவது, பூட்டிய கதவின் முன் விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

இருள் பிரியுமுன் மரம் சீவச் சென்ற நாட்களில், நிரை நிரையாக நம்முடன் நடந்துவந்த உயிர் அது. நாம் அதனை என்ன செய்கிறோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். முதுமையுற்றோரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்கின்றனர்.