மூன்று பந்தும் ஒரு பாட்டிலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணனை ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், கூட இருக்கப்போவது நீதான் என்று அண்ணி போனில் சொன்னார்கள். போனில் சொல்வதில் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். நெஞ்சு வார்டில் காலமெல்லாம் பிசியோதெரபி பார்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்: பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்ய யாரும் வருவார்கள். உங்கப்பாவை விடாமல் தொந்தரவு செய்ய ஒரு ஆள் வேண்டும். அது நீ.

என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தத் தொந்தரவுக்கு அர்த்தம் புரியும். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. உங்கப்பாவுக்கு எடுத்தது வலது மேல் மடல். இளவயதில் வந்த டிபி ஆறிப்போனாலும் அங்கே ஒரு குழியை விட்டுப்போயிருந்தது. அந்தக் குழிக்குள் பூஞ்சை குடியேறி உருண்டையாகத் திரண்டதால்தான் இருமும்போதெல்லாம் ரத்தம் வந்தது. டிபி வந்த நுரையீரல் பல இடங்களில் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். ஒவ்வொரு ஒட்டாகப் பிரித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால்தான் விலா இடுக்கைத் திறந்து செய்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சிறு துளை வழியாகச் செய்துகொண்டு மூன்றாம் நாளே வீட்டுக்குப் போனால் போகட்டும். அவர் கதை வேறு, நம் கதை வேறு.

ஒட்டுப் பிரித்த இடங்களில் கொஞ்ச நாள் காற்று கசியும். அதற்குத்தான் விலாவிலிருந்து ஒரு ட்யூப் இறங்கி, தரையில் இருக்கும் பாட்டிலுக்குள் தண்ணீரில் முங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று திரும்பி உள்ளே போகத் தண்ணீர் விடாது. மூச்சுக்கு மூச்சு ட்யூபில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்படாதே, அப்படித்தான் இருக்க வேண்டும். இருமும்போது நாலு குமிழி வருவதும் சகஜம். குமிழி நிற்காமல் கொப்பளித்தாலோ, ஏறி இறங்கிய மட்டம் திடீரென்று அசையாமல் நின்றாலோ சிஸ்டரைக் கூப்பிடு. எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவசரத்தில் யாராவது பாட்டிலைத் தூக்கி மெத்தைமேல் வைப்பார்கள். விடாதே. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் இருப்பது மறுபடி உள்ளே போய்விடும்.

அடுத்தது மூன்று பந்து போட்ட அந்த பிளாஸ்டிக் டப்பா. நான் பார்த்ததில் பாதிப் பேர் அதை ஊதுவார்கள். அது ஊதுவதற்கானதே இல்லை, உறிஞ்சுவதற்கானது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கச் சொல். 600, 900, 1200 என்று போட்டிருக்கும். வேகமாக இழுத்தால் மூன்று பந்தும் ஒரு நொடி துள்ளி விழும். அண்ணன் அதை உன்னிடம் சாதனையாகக் காட்டுவார், ஏமாறாதே. முதல் பந்தை மட்டும் தூக்கி, இரண்டு மூன்று நொடி மேலேயே நிறுத்தினால் அதுதான் கணக்கு. அப்போதுதான் நுரையீரலின் அடிப்பகுதி வரை காற்றுப் போய், சுருங்கிக்கிடக்கும் சிற்றறைகள் விரியும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்துத் தடவை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தொடரலாம்.

பிறகு இருமல். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். பிரியாது. இருமாமல் விட்டால்தான் சளி தேங்கி, நிமோனியா வரை போகும். ஒரு தலையணையை வெட்டிய பக்கத்து விலாவோடு சேர்த்து அணைத்துப் பிடித்து இருமச் சொல், வலி பாதியாகும். வலி மாத்திரையை இந்தப் பயிற்சிக்கு அரைமணி முன்னால் கொடுக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டு வை. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கும் ஆண்பிள்ளை மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பார். அந்த வீரத்தால் யாருக்கும் பயனில்லை. அந்த மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும். வெட்கப்பட்டு மறைப்பார், நீயே டாக்டரிடம் சொல்லிவிடு.

அப்பத்தா "பாவம், அசையாமப் படுத்திருக்கட்டும்" என்பாள். அவள்மேல் கோபப்படாதே. அவள் காலத்தில் நெஞ்சு நோய்க்குப் படுக்கைதான் மருந்து. 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வைத்தார்கள். ரயில் நிலையத்துக்குக்கூட இன்னும் அந்தப் பெயர் இருக்கிறது. அந்த நம்பிக்கையை அசைத்ததும் நம் ஊர்தான். சென்னையில் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மற்றவர்களை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தவர்களுக்கு இணையாக வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள் என்று 1959இல் முடிவு வெளியானது. டிபிக்கே அப்படியென்றால், ஆபரேஷன் முடிந்த நெஞ்சுக்குப் படுக்கை எதற்கு? காலையும் மாலையும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்க வை. பத்தியம் என்று தயிரையும் முட்டையையும் நிறுத்தவும் விடாதே. காயம் ஆறப் புரதம் வேண்டும்.

"நான் இனி அரை ஆள்தானே" என்று ஒருநாள் ராத்திரி கேட்பார். எல்லோரும் கேட்பார்கள். அப்போது ஜேம்ஸ் கில்மோர் கதையைச் சொல். அமெரிக்காவில் பிரசவ மருத்துவர். 1933 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன் புற்றுநோய்க்காக அவருடைய இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தார். கில்மோர் தன் வேலைக்குத் திரும்பி, 1963 வரை வாழ்ந்தார். கிரஹாம் அவருக்கு முன்பே, 1957இல், நுரையீரல் புற்றுநோயிலேயே போய்ச்சேர்ந்தார். நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். பழைய சிகரெட் கூட்டாளிகள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வரும்போது இந்தப் பிற்பாதியை அவர்கள் காதிலும் போடு. வெட்டிய மடல் திரும்ப முளைக்காதுதான். ஆனால் மிச்சமிருக்கும் இரண்டு மடலும் விரிந்து, கீழிருந்து உதரவிதானமும் கொஞ்சம் மேலேறி, காலி இடம் பெரும்பாலும் நிரம்பிவிடும். மாடிப்படியில் மூச்சு வாங்குவது மாதங்கள் போகப்போகக் குறையும்.

வீட்டுக்கு வந்தபின் வலது தோளைக் கவனி. வலிக்குப் பயந்து கையை ஒடுக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறச் சொல். மார்புக்குக் கீழே மரத்துப்போனது போலவும் எரிவது போலவும் இருக்கும். விலா நரம்பு நசுங்கியதால் வருவது, சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். தண்ணீர்க் குடம், சிலிண்டர் எல்லாம் ஒன்றரை மாதத்துக்குத் தொடக்கூடாது. டாக்டர் சொல்லும்வரை பைக் சாவி உன்னிடம் இருக்கட்டும்.

திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சு தாறுமாறாகப் படபடப்பது: இதில் எது வந்தாலும் எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. படபடப்பு ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளிலேயே, வார்டில் இருக்கும்போதே வரலாம். மருந்தால் அடக்கிவிடுவார்கள்.

எடுத்த மடலைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். ரிப்போர்ட் பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வரும், பல வீட்டில் அதை வாங்கவே மறந்துவிடுகிறார்கள். உள்ளே டிபி இன்னும் உயிரோடு இருக்கிறதா, பூஞ்சைக்குத் தனி மருந்து வேண்டுமா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். எந்த லேப், என்றைக்குக் கிடைக்கும் என்று இன்றே கேட்டு எழுதி வை.

அன்புடன்,
அத்தை