எந்த நாட்டு மக்கள்?

மேற்கு வங்காளத்தின் வடக்கே கூச்பிகார் மாவட்டம் இருக்கிறது. அதை ஒட்டி வங்கதேசம். 2015 வரை இங்கே ஒரு விந்தை இருந்தது. இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 துண்டு நிலங்கள் இருந்தன. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 துண்டு நிலங்கள் இருந்தன. நாலு பக்கமும் அயல் நாடு. நடுவே தீவு போல ஒரு கிராமம். இதைச் ‘சிட்மகால்’ என்பார்கள்.

இது எப்படி வந்தது? அந்தக் காலத்து அரசர்கள் சதுரங்கத்தில் ஊர்களைப் பணயம் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது வெறும் கதைதான். மொகலாயர் ஊரும் கூச்பிகார் மன்னர் ஊரும் முன்பே கலந்து கிடந்தன. வரி யாருக்கு என்பது மட்டுமே வேறுபாடு. 1947இல் நாடு பிரிந்தது. பக்கத்து ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. 1949இல் கூச்பிகார் இந்தியாவில் சேர்ந்தது. வரிக் கணக்கு நாட்டு எல்லையாகி விட்டது.

அங்கே வாழ்ந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொந்த நாட்டு அதிகாரி வர வேண்டுமானால் அயல் நாட்டைத் தாண்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் அரசோ, “நீங்கள் எங்கள் மக்கள் அல்ல” என்றது. ரேஷன் அட்டை இல்லை. ஓட்டு இல்லை. திருட்டு நடந்தால் புகார் கொடுக்கப் போலீஸ் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதினார்கள். வீட்டில் ஒரு அப்பா, சான்றிதழில் வேறு அப்பா! பிரசவத்துக்குப் போன பெண்களும் கணவன் பெயரை மாற்றிச் சொன்னார்கள்.

1974இல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரகுமானும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நிலங்களை மாற்றிக்கொள்ள முடிவானது. ஆனால் நாட்டின் நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்கு 41 ஆண்டுகள் ஆயின. 2015 மே மாதம் நாடாளுமன்றம் 100ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட விழவில்லை.

முக்கியமான செய்தி இதுதான். எந்த நாடு வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். 2015 ஜூலை 31 நள்ளிரவில் எல்லை மாறியது. இந்தியாவுக்குள் இருந்த 14,000க்கும் மேற்பட்டவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வங்கதேசத்துக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கினார்கள். 900க்கும் மேற்பட்டோர் மட்டும் இந்தியாவுக்கு வந்தார்கள். நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்த அவர்கள் பல ஆண்டுகள் தகரக் கொட்டகை முகாம்களில் இருந்தார்கள்.

2016இல் சட்டமன்றத் தேர்தல் வந்தது. புதிய குடிமக்கள் முதல் முறையாக வரிசையில் நின்றார்கள். நூறு வயதைத் தாண்டிய ஒரு முதியவரும் வந்து ஓட்டுப் போட்டார். அதுவே அவருடைய முதல் ஓட்டு.